மாமனாரின் கடைவாய்ப்பல்

என் கணவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு என்று ஆஞ்சியோகிராம் சொன்னபோது அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "மூணும் ஒரே சைஸா?" என்பது. கிளார்க்காக டெல்லிக்கு வந்து, அண்டர் செகரட்டரியாக ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்துப் பார்த்து, எந்தத் தாளையும் ஒரு கேள்வி கேட்காமல் கீழே வைக்க முடியாத மனிதராகிவிட்டார். மின்சார பில் வந்தால் பின்பக்கத்துப் பொடி எழுத்துவரை படிப்பார். சாம்பாரில் உப்புக் குறைந்தால் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்காததுதான் பாக்கி.

நான் கணக்கு டீச்சர். மந்திர் மார்க் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். பைக்குள் ஐந்து சிவப்புப் பந்தும் மூன்று நீலப் பந்தும் போட்டு, கையை விட்டால் எது வரும் என்று பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தி, அதில் நூற்றுக்கு நூறு வாங்க வைத்தவள். ஆகையால் எங்கள் வீட்டில் ஒருவர் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார், இன்னொருவர் எதிலும் தப்பு செய்யமாட்டார். இந்த ஏற்பாடு முப்பத்து நான்கு வருஷம் நன்றாகவே ஓடியது.

பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்றார் சர்ஜன். நெஞ்சைத் திறப்பதுகூட அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "பிறகு ரத்தம் நிற்காமல் கசிவதுதான் தொல்லை. சிலரை மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறக்க வேண்டியிருக்கும்" என்றார். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று கேட்டார் என் கணவர். "ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. அவை ஜோசியம் இல்லை. ஆனால் ஜோசியத்தைவிடத் தேவலை" என்றார் சர்ஜன்.

அதோடு எனக்கு ஒரே ஒரு கட்டளை. ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்னால் அதை நிறுத்திவிட வேண்டும். ஆஸ்பிரின் தொடரலாம். இதைக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார். நான் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினேன். இதையெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு வேறு.

எங்கள் வீட்டு மருந்து இலாகா என்னுடையது. ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தோரு அறை உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி முடிந்ததும் உட்கார்ந்து நிரப்பிவிடுவேன். அவர் அறையைத் திறப்பார், கையில் கவிழ்ப்பார், விழுங்குவார். மருத்துவமனையில் சேர வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கசங்கிய அட்டைகளைப் பையில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோவது படிக்காதவர்கள் செய்யும் வேலை என்று தோன்றியது. டப்பாவையும், முத்து முத்தாக எழுதிய ஒரு பட்டியலையும் கொண்டுபோனேன். அட்டைகள் கரோல் பாக் வீட்டில் அலமாரியிலேயே இருந்தன. வார்டில் பட்டியலை வாங்கிய நர்ஸ், "எல்லாரும் உங்களை மாதிரி இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை, மேடம்" என்றாள். நான் அடக்கமாகச் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் கட்டப் பரிசோதனைகள் எல்லாம் பிரமாதம். ஹீமோகுளோபின், பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தம் உறைய எடுக்கும் நேரம், எல்லாம் இருக்கவேண்டிய அளவுக்குள் இருந்தன. என் கணவர் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு டிக் போட்டு, அடியில் தேதியோடு சுருக்கொப்பம் வைத்தார். பாஸாகிவிட்ட பெருமை முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தாள். ஓட்டக்காரர்கள் போடும் ஷூவும் கலைந்த கொண்டையுமாக ஒரு சின்னப்பெண். என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். இளஞ்சிவப்பு மாத்திரை சாப்பிட்டவர் என்பதால் கூடுதலாக ஒரு டெஸ்ட் எடுத்திருப்பதாகச் சொன்னாள். பிளேட்லெட் எத்தனை இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்.

"கின்தி பூரி ஹை, அங்கிள்ஜி. பர் காம் நஹீ கர் ரஹே" என்றாள்.

எண்ணிக்கை முழுசாக இருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை. என் கணவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "ரிஜிஸ்டர்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, சீட்ல ஒருத்தனும் இல்ல. நம்ம செக்‌ஷனேதான்" என்று என்னிடம் சொல்லி, அதையே இந்தியிலும் அவளுக்குச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. இந்த நிலையில் நெஞ்சைத் திறந்தால் கசிவு நிற்காது என்று அடுத்த வாக்கியத்தில் அவள் சொன்னபோது அவரும் சிரிப்பை நிறுத்தினார்.

மாத்திரையைச் சொன்னபடி நிறுத்தினீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பட்டியலைக் காட்டினேன். டப்பாவைக் காட்டினேன். நிறுத்திய தேதியை நிமிஷத்தோடு சொன்னேன். "உங்கள் மெஷினில் தப்பு இருக்கும். வேறு யாருடைய ரத்தத்தையாவது பார்த்திருப்பீர்கள்" என்றேன். விடைத்தாளில் தப்பு செய்த பிள்ளையிடம் பேசும் குரலில்தான் பேசினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் முகம் சுளிக்காமல் மறுபடியும் ரத்தம் எடுத்தாள். மறுபடியும் அதே முடிவு வந்தது.

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். மாத்திரை காரணம் இல்லை என்றால் ரத்தத்திலேயே ஏதோ பிறவிக் குறை இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்துவிட்டது. குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனது உண்டா என்று டாக்டர் பெண் கேட்டாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"எங்க அப்பாவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினப்ப ரெண்டு நாள் ரத்தம் நிக்கல."

எனக்கு இது புதுச் செய்தி. நான் பார்த்த மாமனார் எழுபத்தெட்டு வயதில் கரும்பைக் கடித்துத் துப்பியவர். கல்யாணத்துக்கு முன்னால் நடந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். டாக்டர் அதை அக்கறையாக எழுதிக்கொண்டாள். ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேறு லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஒரு மகள், குர்காவ்னில் வேலை, இப்போது ஆறு மாதம் என்றேன். பேனா ஒரு கணம் நின்றது. "அப்படியென்றால் உங்கள் மகளையும் டெஸ்ட் செய்துவிடலாம்" என்றாள்.

என் கணவர் அன்றே தலையணையை மடியில் வைத்து, பத்திக்கு எண் போட்டு, மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். மேற்படி லேபின் இரு பரிசோதனைகளும் முரண்படுகின்றன, எண்ணிக்கை சரி என்று சொன்ன அதே லேப் செயல்பாடு சரியில்லை என்று எவ்வாறு சொல்லலாம், விளக்கம் தேவை. நெஞ்சில் மூன்று அடைப்பு உள்ள ஒரு மனிதர் இப்படி ஒரு கடிதத்தை இரண்டு முறை திருத்தி எழுதியதைப் பார்த்து வார்டே வியந்தது. நான் அதில் ஒரு கமாவைச் சரிசெய்து கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மாற்றுத் துணி எடுக்க மெட்ரோ ஏறி கரோல் பாக் வந்தேன். வந்த கையோடு அலமாரியைத் திறந்து, டாக்டர் பெண்ணின் முகத்தில் வீசுவதற்காக மாத்திரை அட்டைகளை எடுத்தேன். ஆஸ்பிரின் என்று என் பட்டியலில் நான் எழுதியிருந்தது ஒரு கேப்ஸ்யூல். அந்த அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு மருந்தின் பெயர் இருந்தது. ஒன்று ஆஸ்பிரின். இன்னொன்று அந்த இளஞ்சிவப்பு மாத்திரையில் உள்ள அதே மருந்து.

இதை டிஸ்பென்சரியில் வாங்கியது நான். ஆஸ்பிரின் தனியாக ஸ்டாக் இல்லை, இதில் இரண்டும் சேர்ந்து இருக்கிறது, ஆகவே அந்த இன்னொன்றை நிறுத்திவிடுங்கள் என்று கவுன்டரில் இருந்தவர் நல்ல இந்தியில், நிதானமாகச் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அந்த நேரம் என் இன்னொரு காதில் போன் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து என் கணவரின் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு எந்தத் தேதி கேட்கலாம், ராகுகாலம் எப்போது, சந்திராஷ்டமம் உண்டா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிச் சொல்ல, நான் அவருக்கு "சரி, சரி" என்றும் கவுன்டருக்கு "அச்சா, அச்சா" என்றும் சொல்லிக்கொண்டு அட்டையைப் பையில் போட்டேன். டெல்லியில் இத்தனை வருஷத்தில் நான் அதிகம் சொன்ன சொல் அச்சா. கேட்டேன் என்று அதற்குப் பொருள் இல்லை. பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்று பொருள்.

ஆக, நல்ல நாள் குறித்த அந்த நிமிஷத்திலேயே என் கணவருக்கு இரட்டிப்பு மருந்தை வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன். இளஞ்சிவப்பை நிறுத்திய பிறகும் கேப்ஸ்யூல் வழியாக அது தினமும் உள்ளே போயிருக்கிறது. ஷேவிங்கில் கீறிய இடத்தில் அரை மணி நேரம் ரத்தம் கசிந்தபோது, "ரத்தம் நல்லா ஓடுது, நல்லதுதான்" என்று சொன்னவளும் நானே. அந்த டெஸ்ட் மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால், அன்றைக்கே நெஞ்சைத் திறந்திருப்பார்கள். அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அதுவும் முத்து முத்தான கையெழுத்தில்.

பயம் அடங்கியதும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வார்டில் அவர்களுடைய மாத்திரையைத்தான் கொடுக்கிறார்கள். கேப்ஸ்யூல் தானாகவே நின்றுவிட்டது. நாலைந்து நாளில் ரத்தம் சரியாகிவிடும், டெஸ்டும் சரியாக வரும், மெஷின் தப்பு என்று எல்லோரும் நம்புவார்கள். நான் மாட்டிக்கொள்ளும் நிகழ்தகவு கிட்டத்தட்ட சுழி. அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டால் போதும். என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான கணக்கை நான் போட்டதே இல்லை.

அப்போது மகள் கூப்பிட்டாள். முந்தின நாள் நான் டெஸ்ட் விஷயத்தைச் சொன்னதிலிருந்து ராத்திரி முழுக்க போனில் எதையெதையோ படித்திருக்கிறாள். "அம்மா, அப்பாவோட ப்ளட் பிராப்ளம் எனக்கும் வந்திருக்குமா? டெலிவரி டைம்ல ப்ளீடிங் நிக்கலேன்னா? முஜே டர் லக் ரஹா ஹை, அம்மா" என்றாள். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண். தமிழில் தொடங்கி, பயம் வந்தால் இந்திக்குப் போய்விடுவாள். பிறகு அழுதாள்.

துணியை எடுக்கவில்லை. அட்டையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு மெட்ரோவில் போனேன். வார்டு வராந்தாவில் டாக்டர் பெண்ணைப் பிடித்து, அட்டையைத் திருப்பிக் காட்டினேன். அவள் படித்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அரே, ஆன்ட்டிஜி!" என்றாள். சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். "நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் உங்கள் மாமனாரின் பல்லைத் தேடிக்கொண்டே இருந்திருப்போம்."

வேறு லேபுக்குப் போகவிருந்த ரத்தக் குழாய்களை அங்கேயே நிறுத்தினாள். மகளுக்கு டெஸ்ட் தேவையில்லை என்று அவளே போனில் சொன்னாள். நிறைய பேர் இதை மறைத்துவிடுவார்கள் என்றாள். நானும் மறைக்கத்தான் இருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கிளிடம் சொல்லவா என்று கேட்டாள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. நாலு நாள் சொல்லவில்லை. தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவேன். அவர் லேபிலிருந்து பதில் வந்ததா என்று கேட்பார். வரவில்லை என்பேன். நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டும் என்பார். புதிய தேதி அஷ்டமியில் விழுந்திருந்தது. "ஏம்மா, அஷ்டமியிலயா நெஞ்சத் தொறப்பாங்க?" என்று அண்ணன் போனில் பதறினார். நல்ல நாளின் லட்சணத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் எனக்கு அஷ்டமிமேல் ஒரு மரியாதையே வந்திருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மறுபடியும் டெஸ்ட் எடுத்தார்கள். பிளேட்லெட்கள் எல்லாம் சீட்டுக்குத் திரும்பி வேலை பார்த்துக்கொண்டிருந்தன. கசியும் ஆபத்து இப்போது குறைவு, ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது என்று டாக்டர் பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

"பாத்தியாட்டி? நம்ம லெட்டர் போனதும் லேப்காரன் ஒழுங்கா வேல பாக்கான்" என்றார் என் கணவர்.

எனக்குத் தாங்கவில்லை. லேப் முதலிலேயே சரியாகத்தான் சொன்னது, தப்பு என்னுடையது என்று சொல்லி, டிஸ்பென்சரி, அச்சா, அட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியும்ட்டி."

"என்ன தெரியும்?"

"அட்ட வந்த அன்னைக்கே பின்பக்கத்தப் படிச்சேன். ரெண்டு பேரு போட்டிருந்தான்."

"படிச்சீங்கல்லா? பொறவு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"டப்பால நீ வச்சிருக்க. டாக்டர்ட்ட கேட்டுத்தான் வச்சிருப்பன்னு நெனச்சேன்."

"அப்ப அந்த லெட்டர்?"

"ஒரு ஃபைல் ஓடிக்கிட்டு இருந்தா, வேற யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்க. டெஸ்ட் தப்பா வந்ததுமே எனக்கு வெளங்கிட்டு. அந்தப் பிள்ள ஒன்ன நிக்க வச்சுக் கேட்டாள்லா, எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. கேப்ஸ்யூல் எப்படியும் இங்கன நின்னுபோச்சு."

"ஒங்க அப்பா பல்லு?"

"அவருக்குச் சாகுறவரைக்கும் ஒரு பல்லும் ஆடல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உங்கள் பல் கதையால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அதை அவர் யோசிக்கவே இல்லை. முப்பத்து நான்கு வருஷம் உப்புக்கும் புளிக்கும் கணக்குக் கேட்ட மனுஷன், உயிர் போகிற விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று சத்தம் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்த ஆளை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஐந்து மணி நேரம் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சர்ஜன் வெளியே வந்து, ரத்தம் மிகக் குறைவாகத்தான் போயிற்று, டெஸ்ட் சொன்னபடியே நடந்தது என்றார். நன்றி சொன்னேன். டாக்டர் பெண்ணைத் தேடிப்போய் அவளுக்கும் சொன்னேன். மெஷினைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். எந்த மெஷின் என்று கேட்டாள். அவளுக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டாள். கேரளத்துப் பெண், தமிழ் நன்றாகப் பேசினாள். "சார் மாத்திரை சாப்பிட மாட்டேங்கிறார், அம்மா. உங்களைக் கூப்பிடச் சொல்றார்" என்றாள். கடைசியில் புத்தி வந்துவிட்டது, இனிமேல் எதையும் கேட்டுச் சரிபார்த்துத்தான் விழுங்குவார் என்று எனக்குப் பெரிய நிம்மதி. மேலங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். நெஞ்சுக்குக் கீழே குழாய்கள் இறங்கின. பாட்டிலில் கொஞ்சமாகத்தான் ரத்தம் இருந்தது. நர்ஸிடம் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். அட்டையைக் கொண்டுவரச் சொல்லி முன்பக்கம் படித்தேன், பின்பக்கம் படித்தேன். எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எல்லாம் கேட்டுவிட்டு, அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலோடு கட்டிலருகே வந்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைப் பார்க்கவும் இல்லை.

"ஒன் கையால குடு" என்றார்.

சின்னக் கிண்ணத்தில் மாத்திரை கடகடவென்று சத்தம் போட்டது. என் கை அப்படி நடுங்கியது. அவர் அந்த நடுக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.